சுக்கு கூண்டுக்குள் போன விதம்

மக்களே,

விமானம் தரையை விட்டுக் கிளம்பி, பெல்ட்டைக் கழற்றலாம் என்று அவர்கள் சொன்ன பிறகு இதைப் பிரி. அதற்கு முன்னால் பிரித்தால் இறங்கி ஓடி வந்து என்னோடு சண்டை போடுவாய், என் மகளை எனக்குத் தெரியும். உன் காலுக்குக் கீழே எங்கேயோ, சாமான் ஏற்றுகிற இடத்தில், உன் நாய் சுக்கு தன் கூண்டுக்குள் படுத்திருப்பான். அவனுக்குத் தூங்க மருந்து எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அவனும் உன்னைப் போல விழித்துக்கொண்டுதான் இருப்பான். நீ ஜெர்மனிக்குப் போன பிறகு இத்தனை மாதமும் போனில் கேட்டபோதெல்லாம், இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை, நீ உன் ஆஸ்பத்திரி ஜோலியைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அத்தனையும் பொய். சுக்குவைக் கூட்டிப்போக நீ வந்து இறங்குகிற சென்னை விமான நிலையத்தில் என் இடது கைக் கட்டைப் பார்த்துக் கேட்பாய், கோழி வெட்டும்போது கத்தி நழுவிவிட்டது என்று சொல்வேன். கோழிக்கடைக்காரனுக்கு இதைவிடச் சுலபமான பொய் கிடைக்காது. இப்போது தக்கலையில், நம் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, கல்லாப் பெட்டி மேல் காகிதத்தை வைத்து உண்மையை எழுதுகிறேன். நாளைக்குக் காலையில் அவனை ஏற்றிக்கொண்டு கார் சென்னைக்குக் கிளம்புகிறது.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன், நான் பார்த்த பக்கம் உனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் வெட்டிக்கொண்டே இருக்கிறேன். ஒரு ஆட்டோ வந்து நிற்கிறது, நீ இறங்குகிறாய். ஒரு கை தொங்குகிறது, இன்னொரு கை சுக்குவைக் கட்டிப் பிடித்திருக்கிறது. அவன் வாயெல்லாம் ரத்தம், உன் நைட்டியெல்லாம் ரத்தம். வெட்டு வாங்கியது நீ என்று நினைத்தேன். தினமும் முழங்கை வரை ரத்தத்தில் நிற்கிறவன் நான், அன்றைக்கு ரத்தத்தைப் பார்த்துப் பயந்தேன். “அப்பா, இது எனக்க ரத்தம் இல்ல, ஷிபினுக்க ரத்தம்” என்று நீ சொன்னாய். மக்களே, அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் புருஷன் ஷிபின் உன் கையைப் பின்னால் முறுக்கி ஒடித்ததும், உன் தலையைச் சுவரில் மோதியதும், அடுக்களையில் கட்டிப் போட்டிருந்த சுக்கு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அவன் முன்கையைக் கவ்வியதும் பிறகுதான் தெரிந்தது. எனக்கு முதலில் தெரிந்ததெல்லாம், அவனுக்கும் ரத்தம் வந்திருக்கிறது என்பதுதான். வாங்க வந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பினேன். சுக்குவின் வாயை நான்தான் கழுவினேன்.

மறுநாள் உன்னை உன் அம்மா ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நேரம், ஷிபின் இரும்புக் கம்பியோடு வந்தான். சித்தப்பா மகன் ஒருத்தனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். நாயை வெளியே விடு, இல்லை என்றால் கடைக்குள் வந்து அடிப்பேன் என்றான். நான் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அந்த நிமிடம் ஒரு கொலை விழுந்திருக்க வேண்டியது, நாயா மனுஷனா என்பதுதான் பாக்கி. அப்போது அவன் அம்மா, உன் மாமியார், அவிழ்ந்த சேலையோடு ஓடி வந்து கம்பிக்கும் நாய்க்கும் நடுவில் விழுந்தாள். நீ அவள் வீட்டில் அடி வாங்கியபோது ஒரு தடவைகூட நடுவில் வராதவள்.

“கொல்லப்பிடாதுலே மக்கா. அந்த நாயி இருக்கது வரைக்குந்தான் நீயும் இருப்ப. டாக்டரு சொன்னத நீயும் கேட்டயில்லியா” என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். ஊசியை விடாமல் போட்டுக்கொள், கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப் போட்டுக் கவனி, அது சாகாமல் நன்றாக இருந்தால் பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எந்த டாக்டரும் சொல்வது அதுதான். அந்த அம்மா காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது: நாயின் உயிரும் மகன் உயிரும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது, நாய் செத்தால் மகனும் சாவான். அதுவும் பத்து நாளைக்கு இல்லை, காலத்துக்கும். நான் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்? அன்றிலிருந்து அந்த அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை சுக்குவுக்கு மாட்டு ஈரல் வாங்கி அனுப்பினாள். ஷிபின் எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்து, நாய் சாப்பிடுகிறதா என்று எட்டிப் பார்ப்பான். ஒரு தடவை சுக்குவுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து நானும் உன் அம்மாவும் அடுக்களையில் போய்ச் சிரித்தோம். உன் கையை ஒடித்தவன் ஒரு நாய்க்குப் பேதி நிற்க வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப நாள் தாங்கியது.

உனக்கு ஜெர்மனியில் வேலை உறுதியானதும், சுக்கு இல்லாமல் போகமாட்டேன் என்று நீ அடம்பிடித்தாய். நீ போ, பின்னால் அவனை அனுப்புவது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். நாயை அனுப்புவது என்றால் கோழிப் பெட்டியைத் தூக்கி வேனில் ஏற்றுவது போல என்று நினைத்துவிட்டேன். நீ போன மறுநாளே அவனை மிருக டாக்டரிடம் கொண்டுபோய் வெறிநாய் ஊசி போட்டேன். ஊசிதானே முக்கியம், மற்றதெல்லாம் பிறகு என்று. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கிற சிப்பு, அவன் அடையாள எண் அதில்தான், அரிசி மணி அளவுதான் இருக்கும், அது வர வேண்டியிருந்தது; வந்ததும் வைத்தேன். பிறகுதான் டாக்டர் அம்மா தலையில் கை வைத்தார். சிப்பு முதலில், ஊசி அதற்குப் பிறகு. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசியை அந்த நாட்டுக்காரன் கணக்கிலேயே எடுக்கமாட்டானாம். இந்த நாய்க்குத்தான் போட்டோம் என்று யார் சாட்சி? நான் சாட்சி என்றேன், என் கையில்தானே அவன் துள்ளினான். அந்த அம்மா சிரித்துவிட்டார். பேர் எழுதாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, மறுபடியும் ஊசி. மறுபடியும் ஒரு மாதம் போக வேண்டும், பிறகு ரத்தம் எடுத்து அவர்கள் ஒப்புக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், ஊசி அவன் உடம்பில் பிடித்திருக்கிறது என்று அங்கிருந்து எழுதி வர வேண்டும். அது வந்தாலும் உடனே ஏற்ற முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் நாயை நாம் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

உயிரோடு. மற்றவர்களுக்கு அது காத்திருப்பு, எனக்கு அது காவல். ரத்தம் எடுத்துக் கொஞ்ச நாளில், மருந்துக்கடையில் யாரோ ஷிபினிடம் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டார்கள். பத்து நாள் எப்போதோ முடிந்துவிட்டதே, நாய் செத்தால் உனக்கு என்ன என்று. ஊரே தன்னைப் பார்த்துச் சிரித்தது என்று அவனுக்குப் புரிந்துபோனது. அடித்தவனை மன்னித்தாலும் சிரித்தவனை விடமாட்டான் அவன். அந்த வாரமே வாழைக்குப் போடுகிற குருணைப் பூச்சிமருந்தைக் கோழிக் குடலில் பிசைந்து, நம் வீட்டு மதிலுக்கு மேலே வீசிவிட்டுப் போனான். சுக்கு அதைத் தொடவில்லை. யார் எதைத் தரையில் போட்டாலும் எடுக்காதே, கையில் வைத்துக் கொடுத்தால் மட்டும் வாங்கு என்று சின்னக் குட்டியிலேயே நீ பழக்கியதுதான் அவனைக் காப்பாற்றியது. அப்போது உன்னை நான் கேலி செய்திருக்கிறேன், நாய்க்கு என்ன இவ்வளவு மரியாதை என்று. பக்கத்து வீட்டுக் கோழிகள் நம் முற்றத்தில் வாயில் நுரையோடு கிடந்தன, இரண்டு காகங்களும். அள்ளிக் குழியில் போட்டு மூடினேன். ஷிபினை நான் கொல்லப் போகிறேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனில் புகார் கொடு என்றாள். கொடுத்தேன். நாய்க்கு விஷம் வைத்ததற்கு ஒரு வழக்கா என்று எழுதிக்கொண்டவர் கேட்டார்.

இதற்கு நடுவில் கூண்டு வந்து சேர்ந்தது. விமானத்துக்கென்று ஒரு அளவு உண்டு: அவன் தலை முட்டாமல் நிற்க வேண்டும், முழுதாகத் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும், நான்கு பக்கமும் காற்று வர வேண்டும், தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவிலேயே மாட்டியிருக்க வேண்டும். நல்ல கூண்டு. நான் வாடகைக்கு இருந்த முதல் அறை அதைவிட மோசம். பல வாரம் முன்பே பழக்குங்கள், அவன் தானாக உள்ளே போய்ப் படுக்க வேண்டும், இல்லையென்றால் பயணத்தில் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வான், மூச்சு முட்டிச் செத்தும் போவான் என்று டாக்டர் அம்மா சொன்னார். கூண்டைக் கடையின் பின்பக்கம் வைத்தேன். சுக்கு பக்கத்தில் வரவில்லை. ஈரல் வைத்தேன், உன் பழைய நைட்டியை விரித்தேன், வரவில்லை. இழுத்தபோது நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு ஒன்றுக்குப் போய்விட்டான்.

எனக்குக் கோபம் வந்தது, பிறகு யோசித்தேன். அவன் பிறந்தது நம் கடைக்குப் பின்னால். கண் திறந்த நாளிலிருந்து அவன் பார்த்த கூண்டு எது? கூண்டுக்குள் போன எதுவாவது வெளியே வந்து நடந்து போனதை அவன் பார்த்திருக்கிறானா? கதவு திறக்கும், என் கை உள்ளே போகும், கட்டையில் ஒரு சத்தம், நீல டிரம்முக்குள் கொஞ்ச நேரம் துடிப்பு, முடிந்தது. இத்தனை வருடம் அதைத் தவிர வேறு பாடம் நான் அவனுக்குக் காட்டவில்லை. அவனைக் கூண்டுக்குள் போகச் சொன்னால் சாகச் சொல்கிறேன் என்றுதானே அவன் நினைப்பான். வேறு வழி தெரியாமல் நானே முழங்காலிட்டுத் தலையையும் தோளையும் கூண்டுக்குள் நுழைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன், பிறகு வெளியே வந்து காட்டினேன். பார்த்தியா, உயிரோட வந்துட்டேன் என்றேன். தினமும் மத்தியானம், கூட்டம் ஓய்ந்த பிறகு இதே வேலை. உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, மூளையும் போச்சா என்று கேட்டாள். சுக்கு ஒரு நாள் வாசல் வரை வந்து மூக்கை வைத்தான், இன்னொரு நாள் முன்காலை வைத்தான். சொன்னால் நம்பமாட்டாய், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அப்படித் தலையை உள்ளே விட்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் ஷிபின் வந்தான். சுக்கு உறுமியது கேட்டுப் பின்னால் ஊர்ந்து வெளியே வந்தேன். ஷிபின் கையில் தேங்காய் வெட்டுகிற வெட்டுக்கத்தி. சுக்குவைக் குறி வைத்துத்தான் ஓங்கினான், நான் கையைக் குறுக்கே நீட்டினேன். இடது கைச் சுண்டுவிரல் நுனி தரையில் விழுந்ததை நான் பார்த்தேன். வலிக்கவில்லை. எழுந்து அவன் நெஞ்சில் தலையால் மோதினேன், அவன் கோழிக் கூண்டுகள் மேல் விழுந்தான், வெட்டுக்கத்தி தெறித்துப் போனது. எடை மிஷினைத் தூக்கி அவன் தோளில் போட்டேன். எலும்பு ஒடிந்த சத்தம் கேட்டது, உன் கை ஒடிந்தபோதும் இப்படித்தான் கேட்டிருக்கும் என்று நினைத்தேன், எனக்கு அது போதவில்லை. தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கோழி வெட்டுகிற புளியங்கட்டை மேல் அவன் கன்னத்தை வைத்து அழுத்தினேன். வலது கையில் என் கத்தி. இத்தனை வருடம் பழகிய இடம், பழகிய உயரம். கழுத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம். என் விரல் ரத்தம் அவன் காதுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

“மாமா, வேண்டாம் மாமா” என்றான்.

“எனக்க மவ இப்பிடித்தானே சொல்லியிருப்பா. நீ விட்டியாலே” என்று கேட்டேன். கத்தியை வைத்துவிட்டேன் மக்களே. தோல் கீறி ரத்தம் வந்தது. இன்னும் ஒரு இழுப்புதான்.

அப்போது சுக்குவைப் பார்த்தேன். அவன் ஷிபினைப் பார்க்கவில்லை. தெறித்துக் கிடந்த வெட்டுக்கத்தியைத் தாண்டி, தன்னை வெட்ட வந்தவனைத் தாண்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, பின்னங்கால்கள் நடுங்கின. நான் ஆயிரமாயிரம் கோழி வெட்டி அவன் பார்த்திருக்கிறான், ஒரு நாளும் இப்படி நடுங்கியதில்லை. கோழி வெட்டும்போது எனக்குக் கோபம் கிடையாது. அன்றைக்கு இருந்தது, அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகத் திரும்பினான். இத்தனை நாள் ஈரலுக்கும் உன் துணிக்கும் என் கெஞ்சலுக்கும் போகாத அந்தக் கூண்டுக்குள் தானாக நடந்து போனான். கடைசி மூலை வரை போய், எனக்கு முதுகைக் காட்டிச் சுருண்டு படுத்துக்கொண்டான்.

கத்தி என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. பக்கத்து டயர்க்கடைக்காரர்கள் ஓடி வந்து ஷிபினைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் இப்போது ஜெயிலில் இருக்கிறான். என் மேலும் வழக்கு இருக்கிறது, வக்கீல் பார்த்துக்கொள்வார், அதற்காக நீ அங்கே உட்கார்ந்து அழாதே. அவன் உயிரோடு இருக்கிறான் என்பதில் எனக்கு இன்றைக்கும் முழு நிம்மதி வரவில்லை, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவன் கழுத்தை அறுத்திருந்தால் சுக்குவை இந்தச் சென்னைக் காரில் யார் ஏற்றுவது? உன்னை விமான நிலையத்தில் பார்க்க யார் வருவது? உனக்காகக் கொலை செய்த அப்பா என்ற பெயரை நீ அந்தக் குளிர் தேசத்தில் காலமெல்லாம் சுமந்திருப்பாய். உன் புருஷன் உன் முதுகில் ஏற்றியது போதாதென்று நானும் ஏற்றியிருப்பேன்.

அந்த வாரம் நீ வீடியோவில் பார்த்தாய், சுக்கு கூண்டுக்குள் படுத்திருப்பதை. “எப்பிடிப்பா பழக்கினிய” என்று கைதட்டிச் சிரித்தாய். எல்லாம் பொறுமைதான் என்றேன். உன்னிடம் நான் சொன்னதிலேயே எனக்குக் கனமான பொய் அதுதான். அவன் போனது என் பொறுமையால் இல்லை, என்னைப் பார்த்துப் பயந்து. அன்றிலிருந்து அவன் என் கையால் ஒன்றும் வாங்கவில்லை. உன் அம்மா வைத்தால் சாப்பிடுகிறான். நான் நீட்டினால் முகர்ந்துகூடப் பார்க்காமல் கூண்டுக்குள் போய்விடுகிறான். சென்னையில் நோய் எதுவும் இல்லை என்று அரசாங்க டாக்டர் பார்த்துச் சீல் வைத்துக் கொடுப்பார், சிப்பு, ஊசி, ரத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியப் போவதில்லை.

உனக்கு நான் புத்தி சொல்ல லாயக்கு உள்ளவனா என்று தெரியவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உன் வாழ்க்கையில் வேறொருவன் வரலாம், வர வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. அவன் படிப்பையும் சம்பளத்தையும் சிரிப்பையும் விசாரிக்காதே, அதெல்லாம் விசாரித்துத்தானே இவனைப் பிடித்தோம். அவனுக்குக் கோபம் வருகிற முதல் நாளில் சுக்கு எங்கே போகிறான் என்று மட்டும் பார். வாலை ஆட்டிக்கொண்டு அவன் பக்கத்திலேயே படுத்திருந்தால், நீயும் தைரியமாக இரு. எழுந்து கூண்டுக்குள் போனால், அன்றைக்கே உன் பெட்டியை எடுத்துக்கொள். அவன் உன் அப்பனையே சரியாகக் கணித்தவன்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் சிப்பைச் சோதித்து, காகிதத்தைப் பார்த்து, அவனை உன்னிடம் விடுவார்கள். கூண்டுக் கதவை நீயே திற, வேறு யாரையும் திறக்க விடாதே. அவன் உடனே வெளியே வரமாட்டான் என்று நினைக்கிறேன். இழுக்காதே. முழங்காலிட்டு உன் தலையை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் அவனோடு இரு, வெள்ளைக்காரர்கள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு நீ வெளியே வந்து காட்டு, உயிரோடுதான் வந்தேன் என்று. அவன் வெளியே வந்து, உன் கையிலிருந்து எதையாவது வாங்கிச் சாப்பிட்டான் என்றால் எனக்கு ஒரு போன் போடு. நீ போன் போடுகிற வரைக்கும் கடையைத் திறக்கமாட்டேன்.

அப்பா